மெட்டைப் பார்த்து வாங்காதீர்கள்: தொடக்க நிலை ஸ்ட்ரிங் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு உருப்படி தேர்ந்தெடுக்கும் முறை

பாம்பனில் தொடங்கித் தொண்டி வரைக்கும் இந்தக் கரையில் வயலின் கற்கும் பிள்ளைகள் அங்கங்கே இருக்கிறார்கள். மாதா கோயில் பாடகர் குழுவில் சிலர், பள்ளிக்கூடத்தில் சிலர், வீட்டோடு கர்நாடக சங்கீதம் படிக்கிறவர்கள் சிலர். இவர்களை ஒன்றாக உட்காரவைத்து ஒரு சின்ன ஸ்ட்ரிங் ஆர்க்கெஸ்ட்ரா, அதாவது வில் போட்டு வாசிக்கும் தந்தி வாத்தியக் குழு, செய்து பார்க்கலாமே என்று யாருக்காவது ஆசை வந்தால், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். யூடியூபைத் திறந்து நல்ல மெட்டாகத் தேடுவார்கள். பாக்கெல்பெல், விவால்டி, மொசார்ட் என்று வரிசையாக வரும். கேட்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் தோன்றும். அச்செடுத்துப் பிள்ளைகள் முன்னால் வைத்தால் மெட்டு வாசிக்கும் முதல் வயலின் மட்டும் ஏதோ ஒப்பேற்றும். மற்றவர்கள் எந்த வரியில் இருக்கிறோம் என்றே தெரியாமல் முழிப்பார்கள்.

அப்படித் தொடங்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மெட்டு எவ்வளவு பிரபலம் என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். துணை வரி வாசிக்கும் இரண்டாம் வயலினும், வயலினைவிடப் பெரிதாகித் தாழ்ந்த ஒலி தரும் செல்லோவும் என்ன வாசிக்கப் போகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். குழு நிற்பதும் விழுவதும் அந்த இடத்தில்தான்.

முதலில் ஆளைக் கணக்கெடுங்கள்

ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தெந்தத் தந்தியில் கை தடுமாறாமல் போகிறது, டி மேஜர் ஸ்கேலை ஒரு ஸ்தாயி பிசிறில்லாமல் வாசிக்க வருகிறதா, ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறி) படிக்கத் தெரியுமா அல்லது காதால் பிடித்து வாசிக்கிற பிள்ளையா, ஒரே வில்லில் இரண்டு ஸ்வரம் சேர்க்க முடிகிறதா என்றெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: நாலு எண்ணிக்கை சும்மா இருந்துவிட்டுச் சரியான இடத்தில் நுழைய வருமா? இதை யாரும் சோதிப்பதில்லை. தனியாகவே கற்ற பிள்ளைக்குச் சும்மா இருக்கிற பழக்கம் கிடையாது. வாசிக்காத நேரத்திலும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதற்குப் புதுச் செய்தி.

வயலின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அரை சைஸ், முக்கால் சைஸ் வயலின்களில் ஜி தந்தியின் ஒலி மெலிந்துதான் வரும். சின்ன வயலின்கள் நிறைய உள்ள குழுவுக்கு, இரண்டாம் வயலினை முழுக்க ஜி தந்தியிலேயே ஓட்டுகிற அரேஞ்ச்மென்ட் (ஒரு மெட்டைக் குழுவுக்காகப் பிரித்து எழுதியது) சரிப்படாது. பிள்ளைகள் பாடுபட்டு வாசிப்பார்கள், மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்காது.

கர்நாடக முறையில் கற்றவர்கள் குழுவில் இருந்தால் நல்லதுதான். காது பழகியிருக்கும், வில் பயம் போயிருக்கும். ஆனால் அவர்கள் வயலின் ஸ-ப-ஸ-ப என்று சேர்ந்திருக்கும். 5 கட்டை ஸ்ருதியில், அதாவது ஜி-யில், பாடும் பிள்ளையின் தந்திகள் கீழிருந்து ஜி, டி, ஜி, டி என்று நிற்கும். மேல் தந்திகள் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால்தான் ஜி, டி, ஏ, ஈ ஆகும். உப்புக்காற்றில் துருவேறிய பழைய ஈ தந்தி அந்த ஏற்றத்தில் பட்டென்று அறுந்துவிடலாம், ஆகவே உபரித் தந்தி இல்லாமல் முதல் ஒத்திகைக்குப் போகாதீர்கள். தரையில் சம்மணமிட்டு வாசித்த பிள்ளை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வயலினைத் தோளில் தாங்கவும் பழக வேண்டும். அது பழகும்வரை கை ஓரிடத்திலேயே நிற்கும் உருப்படிகள் போதும்.

கிரேடு எண்ணை நம்பலாமா

ஸ்ட்ரிங் ஆர்க்கெஸ்ட்ரா அரேஞ்ச்மென்ட் வெளியிடும் அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரேடு போடுகிறார்கள். அரை என்று தொடங்கி ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று அது மேலே போகும். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் அமைப்புகள் நடத்தும் இசைத் தேர்வுகளின் கிரேடு வேறு, இது வேறு. டிரினிட்டி இரண்டாம் கிரேடு முடித்த பிள்ளைகள் என்பதற்காக ஆர்க்கெஸ்ட்ரா கிரேடு 2 வாங்கிவிடாதீர்கள்.

பொதுவாக கிரேடு அரை என்றால் டி மேஜர், டி தந்தியும் ஏ தந்தியும், ஓர் எண்ணிக்கை அல்லது இரண்டு எண்ணிக்கை நீளமுள்ள ஸ்வரங்கள், அவ்வளவுதான். கிரேடு 1-இல் ஜி மேஜர் எட்டிப் பார்க்கும், அரை எண்ணிக்கை ஸ்வரங்களும் இரண்டிரண்டாகச் சேர்த்த ஸ்லரும் வரும். கிரேடு 2-க்குப் போனால் சி மேஜர், மைனர் ஸ்கேல்கள், புள்ளி வைத்த தாளங்கள் எல்லாம் கலந்து வரும். கை மேலே நகர்ந்து மூன்றாம் பொசிஷனுக்குப் போவதை அதற்கும் அடுத்த படியில்தான் எதிர்பார்க்கலாம். ஆனால் ஒரு பதிப்பாளரின் ஒன்றரை இன்னொருவருக்கு இரண்டாக இருக்கும். எண்ணை வைத்துச் சல்லடை போடலாம், முடிவெடுக்கக் கூடாது.

என் கணக்கு இது: பிள்ளைகள் தனியாக வாசிக்கும் நிலைக்கு ஒரு படி கீழே வாங்குங்கள். குழுவில் உட்கார்ந்ததும் கவனம் நாலு பக்கம் போய்விடும். எண்ண வேண்டும், பக்கத்து ஆளைக் கேட்க வேண்டும், கண்டக்டர் கையைப் பார்க்க வேண்டும், வில் எல்லாருடையதும் ஒரே பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். விரலைத் தேடிக்கொண்டிருக்க நேரமே இருக்காது.

2 கட்டையில் தொடங்குங்கள்

தொடக்க நிலை அரேஞ்ச்மென்ட்களில் டி மேஜர் இவ்வளவு அடிபடுவதற்குக் காரணம் உண்டு. நம் கணக்கில் அது 2 கட்டை சங்கராபரணம். வயலினில் டி தந்தியை விரல் வைக்காமல் வாசித்தால் ஸ, அதே தந்தியில் ரி க ம. ஏ தந்தியை விரல் வைக்காமல் வாசித்தால் ப, அதில் த நி ஸ. இரண்டு தந்தியிலும் விரல்கள் ஒரே மாதிரி விழும்: இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டி நிற்கும். வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவிலும் இதே டி, ஏ தந்திகள், இதே விரல்கள். செல்லோவில் விரல் எண் மாறும், ஆனால் கை நகர வேண்டியதில்லை. ஒரே ஸ்கேலைக் குழு மொத்தமும் முதல் நாளிலேயே சேர்ந்து வாசிக்கலாம்.

குழுவிலேயே பெரிய, மிகத் தாழ்ந்த ஒலியுள்ள டபுள் பேஸுக்கு மட்டும் சிக்கல். அதன் தந்திகள் ஈ, ஏ, டி, ஜி என்று வேறு இடைவெளியில் இருக்கின்றன. முதல் பொசிஷனில் கைக்குள் ஒரு முழு ஸ்வர இடைவெளிதான் அடங்கும். டி மேஜரில் மேல் நி, மேல் ஸ இரண்டுக்கும் கையை நகர்த்தியாக வேண்டும். தொடக்க நிலையைப் புரிந்து எழுதிய அரேஞ்சர் பேஸைக் கீழ் ஸ்தாயியிலேயே வைத்திருப்பார். பேஸ் வரியில் சி ஷார்ப், அதாவது நி, எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜி மேஜர், அதாவது 5 கட்டை, அடுத்த படி. இதில் ஏ தந்தியில் சி ஷார்ப் போய் சாதா சி வரும். இரண்டாம் விரல் பின்னுக்கு வந்து முதல் விரலோடு ஒட்ட வேண்டும். டி தந்தியிலோ அது பழையபடி மூன்றாம் விரலோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒரே விரலுக்கு இரண்டு வீடு. பிள்ளைகளுக்கு இது வாரக்கணக்கில் பிடிக்கும், அவசரப்படாதீர்கள்.

சி மேஜரில் இரண்டு தந்தியிலும் விரல் பின்னுக்கு. ஏ மேஜர் வயலினுக்கு அழகாக இருக்கும், ஆனால் ஜி ஷார்ப்புக்காகச் செல்லோக்காரர் கையை அகட்ட வேண்டும். எஃப் மேஜர், பி ஃபிளாட் மேஜர் இரண்டும் முதல் வருஷம் வேண்டவே வேண்டாம், முதல் விரலே இடம் மாறும். கோயிலில் கீபோர்டோடு பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டினால் எந்தச் ஸ்ருதியும் ஒன்றுதான். தந்தியில் அந்தப் பட்டன் இல்லை.

மைனர் ஸ்கேல் வேண்டுமென்றால் ஈ மைனர் நல்ல வாசல். நடபைரவியாகவே போகும்வரை அது ஜி மேஜரின் அதே விரல்கள்தான். கீரவாணிபோல நிஷாதம் ஏறும் இடங்களில் டி ஷார்ப் தலைகாட்டும். ஸ்கோரில், அதாவது எல்லாருடைய வரிகளும் சேர்ந்த முழுத் தாளில், அது எத்தனை இடத்தில் வருகிறது என்று பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். முதல் வயலினில் மட்டும், அதுவும் ஒன்றிரண்டு இடம் என்றால் சமாளிக்கலாம். நாலு பார்ட்டிலும், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனி வரியிலும், சிதறிக் கிடந்தால் அடுத்த வருஷத்துக்கு ஒதுக்குங்கள்.

வலது கையை மறந்துவிடுகிறார்கள்

விரலைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு வில்லைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. உண்மையில் தொடக்கக் குழுவைக் குலைப்பது வில்தான்.

வேகமாக ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. வலது கை ஓடும், இடது கை நிதானமாக நிற்கும். பயப்பட வேண்டியது சாதுவாகத் தெரிகிற இடங்களுக்குத்தான். மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் இரண்டு எண்ணிக்கை நீளமான ஸ்வரம், பிறகு ஓர் எண்ணிக்கை ஸ்வரம், இப்படியே பக்கம் முழுக்க வருகிற மினுவெட்களைப் பாருங்கள். நீள ஸ்வரத்துக்கு வில் மெதுவாகக் கீழே போகும், குட்டி ஸ்வரத்துக்குள் அதே தூரம் மேலே திரும்பியாக வேண்டும். பிள்ளைகள் அந்தக் குட்டி ஸ்வரத்தில் வில்லை வெடுக்கென்று இழுப்பார்கள், வரியெங்கும் மேடு தட்டும். கேட்டால் தாளம் தப்புவதுபோல இருக்கும், தாளம் சரியாகத்தான் இருக்கும்.

ஒரு தந்தி விட்டு ஒரு தந்தி தாவுகிற இடங்கள், அதாவது ஜி-யிலிருந்து நடுவில் உள்ள டி-யைத் தொடாமல் ஏ-க்குப் போவது, முதல் வருஷத்தில் ஆகாது. பக்கத்துத் தந்திக்குப் போவது பரவாயில்லை. அதையும் அரை எண்ணிக்கை வேகத்தில் விடாமல் மாறிமாறிப் போட்டிருந்தால் தவிருங்கள். பிட்சிகாட்டோ, அதாவது வில்லில்லாமல் விரலால் மீட்டுவது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அவையோருக்கும் பிடிக்கும். மீட்டி முடித்து வில்லுக்குத் திரும்ப எத்தனை எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஓர் எண்ணிக்கை போதாது. நாலு இருந்தால் நிம்மதி.

வில் மேலேயா கீழேயா என்ற குறிகளைச் சந்தேகம் வரும் இடங்களிலெல்லாம் அச்சிட்டிருந்தால், அந்த அரேஞ்சர் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்று நம்பலாம். முதல் பக்கத்தில் இரண்டு குறி போட்டுவிட்டு மீதியை உங்கள் தலையில் கட்டியிருந்தால், அந்த வேலைக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கோரை அடியிலிருந்து மேலே படியுங்கள்

ஸ்கோரைக் கையில் எடுத்ததும் கண் தானாக மேல் வரிக்குப் போகும். அங்கேதான் மெட்டு இருக்கிறது. கையால் அதை மறைத்துக்கொண்டு மற்ற வரிகளைப் பாருங்கள்.

செல்லோ வரி நகர்கிறதா, அல்லது நாலு எண்ணிக்கை நீளத்துக்கு ஒரு ஸ்வரமாகத் தூங்குகிறதா? இரண்டாம் வயலினுக்கு எங்கேயாவது மெட்டு கிடைக்கிறதா? அதைவிட முக்கியம், இரண்டாம் வயலின் எந்த எண்ணிக்கையில் நுழைகிறது? முதல் எண்ணிக்கையைச் செல்லோவுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டிலும் மூன்றிலும் மட்டும் 'தக் தக்' என்று வைக்கிற பாணி ஒன்று உண்டு. காகிதத்தில் இரண்டே ஸ்வரம்தான். ஆனால் தொடக்க நிலைப் பிள்ளைக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. "சார், நான் எப்ப சார் வாசிக்கணும்?" என்று ஒத்திகை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். குழுவில் பலவீனமான பிள்ளைகளைத்தான் வழக்கமாக இரண்டாம் வயலினில் உட்காரவைக்கிறோம், அவர்களிடமே இந்த வேலையையும் கொடுக்கிறோம்.

அதனால் முதல் உருப்படிக்கு எல்லாரும் சேர்ந்து நகர்கிற அமைப்பே நல்லது. முதல் வயலின் அசையும்போது இரண்டாம் வயலினும் அசையும், கொஞ்சம் கீழே ஒட்டிப் போகும். செல்லோவும் பேஸும் ஒன்றையே வாசிக்கும். ஒருவர் தடுமாறினால் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடலாம். நாலு பேர் நாலு வழியில் போகிற ஃபியூக் வகையறா எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

வருகை விஷயமும் இதில் உண்டு. ஊர்த் திருவிழா, உறவுக் கல்யாணம், காய்ச்சல் என்று ஒத்திகைக்கு இரண்டு பேர் வராமல் போவது சகஜம். இருக்கிற ஒரே செல்லோக்காரர் வராத நாளில் உருப்படி நிற்குமா? முக்கியமான வரியை இரண்டு பார்ட்டில் இரட்டித்து எழுதியிருந்தால் நிற்கும். அப்படி எழுதாத அரேஞ்ச்மென்ட் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நம் குழுவுக்கு ஆகாது.

கடைசியாக, இரண்டாம் வயலின் பார்ட்டை மட்டும் எடுத்து நீங்களே முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் பாருங்கள். உங்களுக்கே பாதியில் சலிப்புத் தட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

சில உருப்படிகள், அவற்றுள் இருக்கும் பொறிகள்

முதல் மாதத்துக்குக் கடைக்கே போக வேண்டாம். முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத வரிகள் அமைத்தவை, எல்லாம் சங்கராபரணம். 'சியாமளே மீனாட்சி'யின் மெட்டு பிள்ளைகள் 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று பாடுகிற அதே மெட்டு. மொசார்ட்டும் அதற்கு வேரியேஷன்கள் எழுதியிருக்கிறார். டி மேஜரில் வைத்தால் திறந்த டி, திறந்த ஏ, முதல் விரல் என்று கையில் அப்படியே உட்காரும். கர்நாடகப் பிள்ளைக்கும் கீபோர்டுப் பிள்ளைக்கும் பொதுவான இடம் இதைவிட வேறு கிடையாது. தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருந்தவர். நம்மிடமிருந்து அவ்வளவு ஒன்றும் தூரமில்லை.

அடுத்து பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனியில் (1824) வரும் 'ஆனந்த கீதம்'. மூலத்திலேயே டி மேஜர். மெட்டு கிட்டத்தட்ட முழுக்க ஐந்து ஸ்வரத்துக்குள் படிப்படியாக ஏறி இறங்கும், மூன்றாம் வரியின் முடிவில் மட்டும் கீழ் ப-வுக்கு ஒரு குதி. மூலத்தில் இந்த மெட்டைச் செல்லோவும் பேஸும்தான் முதலில் தனியாக வாசிக்கின்றன. அந்த அமைப்பைக் காப்பாற்றியிருக்கிற அரேஞ்ச்மென்ட் கிடைத்தால் விடாதீர்கள், செல்லோப் பிள்ளைக்கு அன்று ராஜ மரியாதை. பொறி எங்கே என்றால், நாலாவது வரி ஓர் எண்ணிக்கை முன்னதாகவே தொடங்கிவிடும். தொடக்க நிலைப் பதிப்புகள் பலவற்றில் இதை நேராக்கியிருப்பார்கள். நேராக்காவிட்டால் அந்த ஓரிடத்துக்கே ஒரு ஒத்திகை போகும்.

பாக்கெல்பெல்லின் கேனனை எல்லாரும் கேட்கிறார்கள். இதன் மூல அமைப்பு நம் கரைக்கென்றே செய்ததுபோல இருக்கும்: மூன்று வயலின்கள், ஓர் அடித்தள வரி, வியோலா கிடையாது. முதல் வயலின் வாசித்ததையே இரண்டு பார் (தாளச் சுற்று) தள்ளி இரண்டாவதும், இன்னும் இரண்டு பார் தள்ளி மூன்றாவதும் வாசிக்கும். யாரும் இரண்டாந்தரம் இல்லை. ஆனால் அடித்தள வரி எட்டே ஸ்வரம், மூலத்தில் அது 28 முறை திரும்புகிறது. செல்லோப் பிள்ளை கொட்டாவி விடும். செல்லோவுக்கும் ஒரு முறையாவது மெட்டு கிடைக்கிற சுருக்கப் பதிப்பைத் தேடுங்கள். நடுவில் வரும் மிக வேகமான ஓட்டங்களை நீக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

குழுவில் இரண்டு பேர் கெட்டி, மீதிப் பேர் புதுசு என்றால் பாக்கின் 147-ஆம் கான்டாட்டாவில் வரும் புகழ்பெற்ற கோரலை (தேவாலயக் கூட்டுப் பாடல்) எடுங்கள். ஜி மேஜர். மேல் வரி மூன்று மூன்றாக ஓயாமல் ஓடும், அது கெட்டிக்காரர்களுக்கு. கோரல் மெட்டு நீள நீள ஸ்வரங்களாக வரும், அது புதியவர்களுக்கு. கலப்பு நிலைக் குழுவுக்கு இவ்வளவு பொருத்தமானது அரிது. கிறிஸ்துமஸுக்கும் ஒத்துப்போகும். பாக்கின் ஐந்தாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவின் தொடக்கமும் நல்ல தேர்வு, அதுவும் டி மேஜர். ஒவ்வொரு ஸ்வரமும் வேகமாகத் திரும்பித் திரும்பி வரும், நான் மேலே சொன்ன வில் விளையாட்டு. தொடக்கப் பகுதியை மட்டும் எடுத்து அமைத்த பதிப்பு போதும்.

ஹைடனின் 94-ஆம் சிம்ஃபொனியின் இரண்டாம் பகுதி, மெதுவாகப் போய்த் திடீரென்று ஓர் அதிர்ச்சி கொடுக்குமே, அது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மூலம் சி மேஜர். உங்கள் பிள்ளைகளுக்கு விரல் பின்னுக்கு வரப் பழகவில்லையென்றால் டி-க்கோ ஜி-க்கோ மாற்றிய பதிப்பை வாங்குங்கள். மெல்லிய ஒலியில் வாசிப்பது உரக்க வாசிப்பதைவிடக் கஷ்டம் என்பதை இந்த உருப்படி நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

விவால்டியின் 'வசந்தம்' மூலத்தில் ஈ மேஜர், நாலு ஷார்ப். அதனால் தொடக்க நிலைக்கு என்று விற்பதெல்லாம் ஸ்ருதி மாற்றியதுதான், மாற்றியது நல்லதே. மொசார்ட்டின் இரவு செரினேடு, 'ஐனே கிளைனே நாக்ட்மூசிக்' (1787), ஜி மேஜர்தானே என்று ஏமாந்துவிடாதீர்கள். முதல் இரண்டு வரி எல்லாரும் சேர்ந்து வாசிக்கலாம். அதற்கப்புறம் முதல் வயலின் பறக்கும், இரண்டாம் வயலின் நடுங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷம் போகட்டும்.

வியோலா இல்லை, செல்லோ ஒன்றுதான் என்றால்

இதுதான் நம் பக்கத்து நிலவரம். வயலின்கள் இருக்கும், மற்றவை இருக்காது. நல்ல வேளை, பள்ளிக் குழுக்களுக்கான பல பதிப்புகளில் வியோலா பார்ட்டையே ட்ரெபிள் கிளெஃபில் (வயலின்காரர்கள் படிக்கும் குறியீட்டில்) எழுதி 'மூன்றாம் வயலின்' என்று ஒரு தாளும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள், எனக்கு அது இல்லாவிட்டால் அந்த உருப்படியே வேண்டாம். வியோலாவின் சி தந்தி ஸ்வரங்கள் வயலினில் கிடையாது என்பதால், மூன்றாம் வயலின் தாளில் அந்த இடங்களை மேல் ஸ்தாயிக்கு ஏற்றியிருப்பார்கள். வியோலா நிறமே வேண்டும் என்று ஆசைப்பட்டால், பெரிய சைஸ் வயலின் ஒன்றில் 14 அங்குல வியோலாவுக்கான தந்திகளைப் போட்டுப் பார்க்கலாம். ஒலி கொஞ்சம் மூக்கடைத்தாற்போல இருக்கும், வியோலாவுக்கான ஆல்டோ கிளெஃப் குறியீட்டைப் படிக்கப் பழகுவதற்குப் போதும்.

டபுள் பேஸ் இல்லாதது பெரிய குறையில்லை, தொடக்க நிலையில் பேஸ் பெரும்பாலும் செல்லோ வரியையே ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கிறது. செல்லோவே இல்லையென்றால் அந்த வரியைக் கீபோர்டில் இடது கையால் வாசிக்கச் சொல்லுங்கள். மெட்டையும் சேர்த்து வாசித்து ஒப்பேற்ற விடாதீர்கள், பிள்ளைகள் கீபோர்டையே கேட்டுக்கொண்டு தங்கள் ஸ்ருதியைக் கேட்க மறந்துவிடுவார்கள். டிரான்ஸ்போஸ் எண் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஞாயிறு திருப்பலிக்கு மாற்றி வைத்தது அப்படியே இருக்கும், வயலின்காரர்கள்தான் தப்பு என்று எல்லாரும் திட்டு வாங்குவார்கள்.

எங்கே தேடுவது, எதைப் படியெடுக்கலாம்

பதிப்பாளர்களின் தளங்களில் ஸ்கோரின் சில பக்கங்களும் ஒலிப்பதிவும் இருக்கும். ஒலிப்பதிவில் வாசிப்பவர்கள் தேர்ந்தவர்கள், எதையும் இனிமையாக்கிவிடுவார்கள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பக்கத்தைப் பாருங்கள். அச்சுப் பிரதிக்குக் காத்திருப்பதைவிட, டவுன்லோடாக வாங்கி ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுப்பது சுலபம்.

பாக்கும் விவால்டியும் காலமாகி இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அவர்களுடைய இசைக்கு யாரும் உரிமை கேட்க முடியாது. இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான் காப்புரிமை. ஆனால் அரேஞ்ச்மென்ட் அதைச் செய்தவருக்குச் சொந்தம். போன வருஷம் ஒருவர் எழுதிய பாக் அரேஞ்ச்மென்டை ஒரு பிரதி வாங்கி ஊருக்கெல்லாம் படியெடுத்துக் கொடுக்கக் கூடாது. எத்தனை பார்ட் எடுக்கலாம் என்று வாங்கும்போதே எழுதியிருக்கும், படித்துக்கொள்ளுங்கள்.

ஐஎம்எஸ்எல்பி தளத்தில் மூல ஸ்கோர்கள் இலவசம். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் நீங்களே ஸ்ருதி மாற்றி, கடினமான இடங்களை எளிதாக்கி எழுதிக்கொள்ளலாம். அது நல்ல பயிற்சி, பிள்ளைகளின் கை உங்களுக்குத்தானே தெரியும். யாரோ எழுதி ஏற்றிவைத்த அரேஞ்ச்மென்டை எடுக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. கணினி எந்த ஸ்வரத்தையும் வாசித்துக்காட்டிவிடும், கைக்கு எட்டுமா என்று அது பார்ப்பதில்லை.

எப்போது தொடங்குவது, எப்போது கைவிடுவது

கரையோரப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் கோடை விடுமுறையோடு சேர்ந்தே வருகிறது. பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும், குழுவைத் தொடங்க நல்ல காலம். ஆனால் படகு போகாத வீடுகளில் அப்போது பணமும் இருக்காது. தந்தி, ரோசின் (வில்லுக்குப் பூசும் பிசின்), தாள் செலவுகளை அந்த இரண்டு மாதத்தில் கேட்காதீர்கள். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்றால் செப்டம்பருக்குள் உருப்படி கைவசம் ஆகிவிட வேண்டும். அக்டோபரில் மழை பிடித்தால் ஒத்திகை கெடும், ஈரத்தில் முறுக்காணிகள் ஊதி இறுகிக்கொள்ளும், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் வரும். இரண்டிலிருந்து மூன்று நிமிட உருப்படிகள் மூன்று இருந்தால் முதல் மேடைக்கு ஏராளம்.

புதிய உருப்படியை முதல் ஒத்திகையில் பாதி வேகத்தில் நிறுத்தாமல் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். தப்பு வரட்டும். பாதிப் பேராவது கடைசிப் பாருக்கு ஒன்றாக வந்து சேர்ந்தால் தேர்வு சரி. எல்லாரும் நடுவழியில் இறங்கிவிட்டால் இன்னும் இரண்டு ஒத்திகை கொடுங்கள். அப்போதும் இரண்டாம் வயலின் தனியாக நிற்க முடியவில்லையென்றால் அதை எடுத்து வைத்துவிட்டு ஒரு படி கீழே இருப்பதைக் கொடுங்கள். மேடைக்கு நாள் நெருங்கிவிட்டால் முழு உருப்படியும் வேண்டாம், நன்றாக வரும் முதல் பகுதியை வாசித்து நிறுத்துங்கள். எங்கே நிறுத்தினால் ஸ-வில் முடிகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்ட் தாள்களில் பேனா படக் கூடாது, பென்சில்தான். இரண்டு பக்கப் பார்ட்டை முன்னும் பின்னுமாக அச்செடுக்காமல், பக்கத்தில் பக்கமாக அட்டையில் ஒட்டிவிடுங்கள், திருப்ப வேண்டியிருக்காது. திறந்தவெளி மேடையென்றால் ஒரு ஸ்டாண்டுக்கு நாலு துணி கிளிப். பாம்பன் காற்றுக்கு இரண்டு போதாது.